தெரிந்தெடுப்பவர் யார்? கல்விச் சீட்டுத் திட்டம் பற்றி ஒரு திறனாய்வு

கல்விக்குரிய செலவை அரசு ஏற்பது வேறு, பள்ளிகளை அரசே நடத்துவது வேறு. முன்னதை ஒப்புக்கொள்பவர் பின்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ஆம் ஆண்டில் எழுதிய 'கல்வியில் அரசின் பங்கு' என்னும் கட்டுரைக்கு அடிப்படை இதுவே. பிள்ளையொன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை அரசு சீட்டாகப் பெற்றோரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அதனை ஏற்பு பெற்ற எப்பள்ளியிலும் செலுத்தலாம். வேண்டுமாயின் தம் கைப்பணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உணவகங்களில் துப்புரவைச் சோதிப்பதுபோலப் பள்ளிகளில் குறைந்தபட்சத் தரம் உண்டா என்று பார்ப்பதோடு அரசின் மேற்பார்வை நின்றுவிடும்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பொருள் படைத்தவர் நல்ல பள்ளியுள்ள பகுதியில் வீடு வாங்கியாவது தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்கிறார். ஏழைக்கு அவ்வழி இல்லை. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முதலாவது பெற்றோருடையது என்பதிலும் ஆசிரியருக்கும் நமக்கும் வேறுபாடில்லை. ஆனால் கட்டுரை நெடுகிலும் தெரிந்தெடுப்பவர் பெற்றோரே. பள்ளியும் தெரிந்தெடுக்கும் என்பது உரிய இடம் பெறவில்லை. நிறப்பிரிவினையைக் காப்பதற்கென்றே தென்மாநிலங்களில் இத்தகைய யோசனை எழுந்துள்ளதை ஆசிரியர் அறிந்திருந்தார். அடிக்குறிப்பு ஒன்றில் அதற்கு விடை கூற முயல்கிறார். பிரிவினையைத் தாம் வெறுப்பதாகவும், கட்டாயப் பிரிவினை, கட்டாயக் கலப்பு ஆகிய இரண்டுக்கும் புறம்பான மூன்றாம் வழியைத் தம் திட்டம் திறப்பதாகவும் சொல்கிறார். இவ்வளவு பெரிய கேள்விக்கு அடிக்குறிப்பு போதிய இடமன்று.

அம்மூன்றாம் வழி எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில் காண்கிறோம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்ற நீதிமன்ற ஆணைக்கு உடன்பட மனமின்றி, மாவட்ட ஆளுகைக் குழு 1959-இல் பள்ளி வரியை விதிக்க மறுத்தது. அரசுப் பள்ளிகள் யாவும் மூடப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்கெனத் தனியார் பள்ளி உடனே எழுந்தது. 1960-இல் மாநிலம் தொடக்கநிலைப் பிள்ளைக்கு 125 டாலரும் உயர்நிலைப் பிள்ளைக்கு 150 டாலரும் கல்விக் கொடையாக அறிவித்தது. மாவட்டம் மேலும் 100 டாலர் கொடுத்தது. சட்டத்தின் சொற்களில் நிறவேறுபாடு ஏதுமில்லை. எந்நிறத்துப் பிள்ளையும் கொடை பெறலாம். ஆயினும் அம்மாவட்டத்தில் கொடையைச் செலுத்தத்தக்க பள்ளி ஒன்றே. அது கறுப்புப் பிள்ளைக்குக் கதவு திறக்கவில்லை. ஏறத்தாழ 1,700 கறுப்புப் பிள்ளைகள் நான்கு ஆண்டுகள் முறையான பள்ளியின்றி இருந்தனர். வெளியூரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டோர் சிலர். படிப்பை அடியோடு விட்டோர் பலர்.

திருச்சபையின் மாணாக்கராகிய நாம் விரைந்து கடந்துபோகக் கூடாத செய்தி ஒன்று இங்குண்டு. அத்தனியார் பள்ளியின் முதல் வகுப்புகளுக்கு இடங்கொடுத்த கட்டடங்களில் வெள்ளையரின் ஆலயக் கட்டடங்களும் இருந்தன. அதே ஊரில், ஃபார்ம்வில் முதலாம் பாப்திஸ்து சபையின் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின், தம் பிள்ளையின் பெயரால் வழக்கில் நின்றார். 1964 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே திருமறையைப் பிரசங்கித்த இரு சபைகளுள் ஒன்று அறையை இரவல் கொடுத்தது, மற்றொன்றின் மேய்ப்பர் நீதிமன்றம் சென்றார். திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மிகையாகாது.

சீட்டு முறை எங்கும் இவ்வாறே முடியும் என்று நாம் கூறவில்லை. 1990-இல் மில்வாக்கி நகரில் தொடங்கிய திட்டத்துக்காகப் போராடியவர் பாலி வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். அது வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் எனப் பள்ளியையும் கட்டுப்படுத்தியது. அஃதாவது, ஃப்ரீட்மன் தளர விட்ட முனையை அது இறுக்கிக் கட்டியது. வேறுபாடு முழுவதும் அம்முனையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்கவும், அதற்கான தொகையை அரசு திருப்பித் தரவும் வகை செய்தது. பணம் அரசுடையது, பள்ளி தனியாருடையது. ஆனால் பிள்ளையைத் தள்ளும் உரிமை பள்ளிக்கு இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் உரிமை விலையேறப்பெற்றது, அதில் ஐயமில்லை. எனினும் அத்தீர்ப்பினால் நமக்குக் கிடைத்தது எது என்று பார்த்தால், பிரின்ஸ் எட்வர்டுப் பள்ளி தன் கையில் வைத்துக்கொண்ட அதே அதிகாரம்: வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்வது. நம் பள்ளிகளின் ஆட்சிக் குழுக்களில் ஆயர்கள் அமர்ந்திருக்கின்றனர். ஆண்டுதோறும் சேர்க்கைப் பட்டியல் அவர்கள் முன்னேதான் வைக்கப்படுகிறது.