ஸ்டூல் இருக்கிறது, உட்கார விடுகிறார்களா?

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எனக்குப் புடவை எடுத்துப் போட்ட பெண், இடது காலில் கொஞ்ச நேரம், வலது காலில் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரித்துப் போட்ட புடவைகள் குவிந்து கிடந்தன. "உட்காரலாமேம்மா?" என்றேன். "கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம்க்கா. அப்ப மடிக்கிற வேலை இருக்கும்" என்றார்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ள, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018இல் பெற்ற உரிமை அது. அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. இரத்தம் தேங்கிக் கால் வீங்குகிறது, நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. இந்த வலியை உடம்பின் குறையாகப் பார்க்காமல் வேலை அமைப்பின் குறையாகப் பார்த்தது சட்டம். வேலையை உடம்புக்கேற்ப அமைக்கும் பணிச்சூழலியல் தொடங்கும் இடமும் அதுதான்.

ஆனால் சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது. இருக்கையைக் கொடுத்தது; 'வாய்ப்பு' எப்போது என்று சொல்லவில்லை. அதை சூப்பர்வைசர் முடிவு செய்கிறார். நின்று வேலை பார்ப்பதற்கென்று கட்டிய கவுன்ட்டருக்குப் பின்னால் முழங்கால் உயர ஸ்டூலைப் போட்டால், உட்கார்ந்தவருக்கு மேசைமேல் கை ஓடாது. உட்காருவதென்றால் வேலையை நிறுத்துவது என்றாகிவிடுகிறது. தேவைப்படுவது உயரமான இருக்கை, பாதம் ஊன்ற ஒரு கட்டை, முழங்கால் நுழைய இடம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் இடுப்புக்குக் கேடுதான்; நினைத்தபோது உட்காரவும் எழவும் முடிய வேண்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு இதைவிட ஓரடி முன்னே போயிருந்தது. உட்கார்ந்தே திறம்படச் செய்யக்கூடிய வேலையென்றால், அதற்கேற்ற இருக்கையைப் போடச் சொல்லித் தலைமை ஆய்வாளர் உத்தரவிடலாம் என்றிருந்தது. கடைகளுக்கான பிரிவில் அப்படியொரு வரி இல்லை. பில் போடவும் நகை நிறுக்கவும் நின்றுதான் ஆக வேண்டுமா? பழைய ஜவுளிக்கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் விரிப்பில் உட்கார்ந்தே பேசினார்கள், வியாபாரம் கெடவில்லை.

அந்த வரியை அரசு சேர்க்க வேண்டும். அதுவரை, அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது "உட்கார்ந்தே காட்டும்மா" என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.