ஆங்கில எதிர்காலத் தொடர்வினைகளும் தமிழ் நிகரன்களும்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழி கற்பிக்கும் கையேடுகள் பன்னிரு காலவடிவங்களுக்கும் பன்னிரு தமிழ் வடிவங்களைத் தருவது வழக்கம். ‘வில் பீ டீச்சிங்’ என்பதற்குக் ‘கற்பித்துக்கொண்டிருப்பார்’ என்றும், ‘வில் ஹேவ் பீன் டீச்சிங்’ என்பதற்குக் ‘கற்பித்துக்கொண்டிருந்திருப்பார்’ என்றும் அவை குறிக்கும். வடிவத்திற்கு வடிவம் நிறுத்தும் இப்பட்டியல் மொழிபெயர்ப்பில் பொருளைத் திரிக்கிறது.

முதல் இணை பெரிதும் பொருந்துவதே. ‘நாளை பத்து மணிக்குக் கற்பித்துக்கொண்டிருப்பார்’ என்பதில் குறையில்லை. ‘இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான்’ என்னும் ஊகப்பொருளிலும் இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன. ஆயின் இவ்வடிவம், நிகழ்ச்சிப் போக்கில் இயல்பாக நடக்கவிருப்பதையும் உணர்த்தும் என ஜெஃப்ரி லீச் (1971) காட்டியுள்ளார். விமானம் இருபது நிமிடங்களில் தரையிறங்கும் என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இவ்வடிவத்திலேயே வரும். அதனைத் ‘தரையிறங்கிக்கொண்டிருப்போம்’ என்பது தமிழாகாது. ‘தரையிறங்குவோம்’ என்பதே போதும். வினாவில் இவ்வடிவம் கேட்பவரின் விருப்பத்தை வினவாது திட்டத்தை மட்டும் வினவுவதால் பணிவு தொனிக்கும். அங்கு ‘வருவதாக இருக்கிறீர்களா?’ என்பது நெருங்கி வரும்.

இரண்டாம் இணையில் சிக்கல் ஆழமானது. ‘இருபது ஆண்டுகள் கற்பித்துக்கொண்டிருந்திருப்பார்’ என்பதைத் தமிழர் எதிர்காலச் செய்தியாகக் கொள்வதில்லை. கடந்ததைப் பற்றிய ஊகமாகவே கொள்வர். ‘இருந்திரு’ என்பது நிகழ்வை முன்னமே முடித்துவிடுகிறது. அதன்மேல் ஏறும் எதிர்கால இடைநிலை காலத்தை விட்டு ஊகத்தைச் சுட்டுகிறது. பணிக்காலச் சான்றிதழொன்றில் இவ்வாறு எழுதினால், உறுதியான கணக்கு எழுதியவரின் ஐயமாகிவிடும். ஆங்கில வடிவத்திற்கும் ஊகப்பொருள் உண்டு: களைத்து வந்தவரைக் கண்டு ‘வெகுதூரம் நடந்துகொண்டிருந்திருப்பார்’ எனும் இடத்தில் பட்டியலின் நிகரன் அப்படியே பொருந்தும். கையேடுகள் பேசாத அப்பயன்பாட்டில்தான் அவற்றின் நிகரன் சரியாக அமைகிறது என்பது விந்தை.

எதிர்காலக் கணக்கைக் கூறத் தமிழ் எழுவாயையே மாற்றிக்கொள்கிறது: ‘வரும் ஜூனோடு அவர் இங்குக் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைவுறும்.’ ஆசிரியர் பின்வாங்க, ஆண்டுகள் எழுவாயாகின்றன. ‘நீங்கள் வரும்போது நான் சமைக்கத் தொடங்கி மூன்று மணிநேரம் ஆகியிருக்கும்’ என்பதும் அத்தகையதே. இதில் ஓர் இழப்பு உண்டு. சமையல் அப்போதும் நடக்கிறதா என்பதை இவ்வாக்கியம் சொல்லாது. மூலத்தில் அது முதன்மையெனின், ‘அப்போதும் சமைத்துக்கொண்டுதான் இருப்பேன்’ எனத் தனி வாக்கியம் சேர்க்க வேண்டும்.