வைவா முடிந்த பிறகு

மார்ச் மாதக் காலையில் பவானி பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். பெருந்துறைக்கும் சத்தியமங்கலத்துக்கும், ஆற்றைத் தாண்டிக் குமாரபாளையத்துக்கும் போகிற பிள்ளைகள் கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பதித்த பைண்டிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட். அவற்றில் சில, ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் விலைக்கு வாங்கியவை. அது கைடுக்குத் தெரியும், எக்ஸ்டர்னலுக்குத் தெரியும், ஜமுக்காளத் தறியில் உட்கார்ந்து சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்த அப்பாவுக்கும் தெரியும்.

இந்த உழைப்பைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் திருப்பிவிடலாமே என்பது நியாயமான ஆசைதான். மூலநிரல் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். பவானியில் ஒரு மாணவி எழுதிய பத்து வரியை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார். அந்தக் குறை நம் லேப்களில் கிடைக்காத பாடம். லினக்ஸ் இயங்குதளம் முளைத்ததும் கல்லூரி மண்ணில்தான். 1991-ல் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். அவர் முன்னால் இருந்த மாதிரி, ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ்.

தமிழ்நாட்டில் இந்த ஆசைக்கு அரசுப் பணமும் கிடைத்தது. 2005-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் அமைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சிடாக் நிறுவனமும் அதை ஏற்று நடத்தின. சிடாக் பக்கம் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது. கல்லூரிப் பக்கம் பாடத்திட்டத்துக்குள் கட்டற்ற மென்பொருள் நுழைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 விதிமுறையில் கணினித் துறைக்கு ஏழாம் செமஸ்டரில் 'ஓப்பன் சோர்ஸ் லேப்' என்று தனியாகவே ஒன்று இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை இறக்கி, கம்பைல் செய்து, நிறுவ வேண்டும். கொங்கு நாட்டின் மூலையில் இருக்கும் கல்லூரி வரை கெர்னல் என்ற சொல் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பாடத்திட்டமும் ஒரு காரணம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பயிற்சிப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் எடுப்பது, நிறுவுவது, ஓட்டிக் காட்டுவது. செய்த ஒரு திருத்தத்தை அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கு அனுப்பு, அவர் மறுத்தால் ஏன் மறுத்தார் என்று ரெக்கார்டு நோட்டில் எழுது என்று ஒரு பயிற்சிகூட இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தோம்; அடுப்படிப் பக்கம் அழைத்துப் போகவில்லை.

இதற்கு மாற்றாக நன்றாக நடந்தது மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம். வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்தியது. ஒரு பொறியியல் பாடநூலில் தீர்த்துக் காட்டியிருக்கும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் மாணவரோ ஆசிரியரோ சைலேப் என்ற கட்டற்ற கணக்கீட்டு மென்பொருளில் நிரல் எழுத வேண்டும். அங்கே ஒருவர் அதைச் சரிபார்ப்பார். தேறினால் சன்மானம் உண்டு, எழுதியவர் பெயரோடு இணையத்தில் ஏறும். நூற்றுக்கணக்கான நூல்களுக்கு இப்படி நிரல்கள் சேர்ந்துவிட்டன. விலை கொடுத்து வாங்க வேண்டிய மேட்லேப் இல்லாமலே பாடம் நடத்தலாம் என்ற துணிச்சல் சிறிய கல்லூரிகளுக்கு வந்தது.

அது ஏன் ஓடியது என்று யோசித்தால், வேலையின் அளவு செமஸ்டருக்குள் அடங்குகிறது என்பதுதான் விடை. கணக்கு பாடநூலில் இருக்கிறது, விடையும் இருக்கிறது, முடிந்தது என்று சொல்ல ஓர் எல்லை இருக்கிறது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. உண்மையான மென்பொருளுக்கு முடிந்தது என்ற நாளே கிடையாது. சைலேப் 5 வரிசையில் எழுதிய நிரல் 6 வந்த பிறகு சில இடங்களில் இடறும். எழுதிய பையன் அப்போது பெங்களூரில் வேலையில் இருப்பான்.

ஊக்கத்தொகையும் சான்றிதழும் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. பவானிப் பிள்ளைகளிடம் கட்டற்ற மென்பொருள் பற்றி எப்போது பேசினாலும் முதலில் வரும் கேள்வி, "ஏனுங்க சார், சர்டிபிகேட் தருவாங்களா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை, வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள். கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் 2005 முதல் மாணவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் அழைத்தது. ஆனால் பரிசு கைக்கெட்டுகிற இடத்திலும் சரிபார்ப்பு தூரத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றது ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வு. விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் குப்பைத் திருத்தங்கள் உலகெங்கும் பராமரிப்பாளர்கள் தலையில் கொட்டின. அதில் இந்திய மாணவர்களின் பெயர் நன்றாகவே அடிபட்டது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்றினார்கள்.

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் உதவிப் பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவரும், ஓட்டை உள்ள திருத்தங்களை வேண்டுமென்றே லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பிப் பார்த்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடை செய்தார். பல நூறு பழைய திருத்தங்களை மற்றவர்கள் உட்கார்ந்து மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியருக்குத் தேவை கட்டுரை, திட்டத்துக்குத் தேவை உழைப்பு. இரண்டும் முட்டிக்கொண்ட இடம் இது.

நம் ஊரில் முட்டல் இவ்வளவு சத்தமாக நடப்பதில்லை, அமைதியாக நடக்கிறது. கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆய்வுக் கட்டுரையை எண்ணும், காப்புரிமையை எண்ணும். மூன்று ஆண்டுகள் ஒரு தமிழ்ச் சொற்பிழைத்திருத்தியைப் பராமரித்த உதவிப் பேராசிரியருக்கு அங்கே கட்டம் கிடையாது. அவர் எதற்குப் பராமரிக்க வேண்டும்? சென்னை ஐஐடியும் எஸ்.எஸ்.என். கல்லூரியும் தமிழ் எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருளை உருவாக்கின. நல்ல ஆய்வு. அதைச் சாதாரண லினக்ஸ் கணினியில் நிறுவும்படி நிரல் எழுதித் தந்தவர் பேராசிரியர் அல்லர், கணியம் மின்னிதழின் த. சீனிவாசன் என்ற தன்னார்வலர்.

ஆகவே மாணவர்களைச் சேர்ப்பதைவிட ஆசிரியரைச் சேர்ப்பதே முதல் வேலை என்பது என் கட்சி. மாணவர் நான்கு ஆண்டில் போய்விடுவார், ஆசிரியர் இருப்பார். இதற்கு எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு பொறியியல் கல்லூரியில் ஒரு மாணவர் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடுகிறது, எழுத்துருவிலிருந்து விசைப்பலகை வரை. துறைத் தலைவர் கையெழுத்தில் ஓடிய வண்டி அல்ல அது. ஆனால் அங்கும் யாரோ ஒருவர் தங்கினார். படிப்பு முடிந்த பிறகும் தங்கினார். நம் கல்லூரிகளில் படித்து முடித்தவரை மறுபடி உள்ளே விட வாட்ச்மேனிடம் கடிதம் காட்ட வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியது சிறியதுதான். இறுதியாண்டில் புது ப்ராஜெக்ட் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, போன ஆண்டு சீனியர்கள் விட்டுப்போன நிரலில் பிழை திருத்துவதையும் ப்ராஜெக்டாக ஏற்கலாம். ரிவ்யூவில் பவர்பாயிண்டுக்குப் பதில், பராமரிப்பாளர் மறுத்து எழுதிய அஞ்சலைக் காட்டச் சொல்லலாம். இதற்குப் பல்கலைக்கழக ஆணை வேண்டியதில்லை, ஒரு கைடு மனது வைத்தால் போதும். தடை வேறு இடத்தில் இருக்கிறது: சீனியரின் நிரல் எங்கே என்று ஜூனியர் கேட்டால் துறை நூலக அலமாரியைக் காட்டுவார்கள். கறுப்பு அட்டைகள் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒட்டிய உறைக்குள் ஒரு சிடி. அதைப் போட்டுப் பார்க்க இந்தப் பிள்ளைகளின் மடிக்கணினியில் இடம் இல்லை.