கண்டிக்கு நடந்தவர்

ஏ. ஜெ. வில்சன் 1988இல் எழுதிய ‘தி பிரேக்-அப் ஆஃப் ஸ்ரீலங்கா’வை இரண்டாம் முறை படித்தேன். வில்சன் அரசியல் பேராசிரியர், தந்தை செல்வாவின் மருமகன், பிறகு ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் கூட்டணிக்கும் நடுவே தூது போனவர். புத்தகத்தின் பலம் அதுதான், சிக்கலும் அதுதான். பேச்சுவார்த்தை மேசையை நெருக்கத்தில் காட்டுகிறார். எழுந்து தெருவுக்குப் போக மனசு வரவில்லை.

காரணப் பட்டியல் நமக்கு மனப்பாடம். 1948 குடியுரிமைச் சட்டம், 1956 தனிச்சிங்களச் சட்டம், எழுபதுகளின் தரப்படுத்தல். பரீட்சையில் எழுதினால் முழு மார்க். என்னை உறுத்துவது நடுவில் கிழிந்த காகிதங்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயக்கா செல்வாவோடு ஒப்பந்தம் போட்டார்: பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். எதிர்க்கட்சியிலிருந்த ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போச்சு. 1965இல் டட்லி செல்வாவோடு இன்னொன்று போட்டார். இந்தத் தடவை எதிர்த்தது பண்டாரநாயக்காவின் கட்சி. அதுவும் போச்சு. மலையகத் தமிழர் ஓட்டைப் பறித்த பிறகு, இரண்டு கட்சியும் ஒரே ஓட்டுக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தன.

காரைக்காலில் இருந்து படிக்கும் எனக்கு 1979தான் நினைவுக்கு வருகிறது. நான் பிறப்பதற்கு முந்தைய கதை. காரைக்கால் உட்பட புதுச்சேரிப் பகுதிகளை அந்தந்த அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்றார் பிரதமர் மொரார்ஜி தேசாய். அந்த ஜனவரியில் புதுச்சேரி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, டெல்லி பேச்சை விட்டுவிட்டது. மக்கள் விருப்பத்தை அறியாமல் நிலையை மாற்றக்கூடாது என்று 1956இல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தமும் இருந்தது. டெல்லிக்கு நல்ல மனசு என்று சொல்ல வரலீங்க. எங்களுக்கு விட்டுக்கொடுத்தால் வேறு எங்கேயும் டெல்லிக்கு ஓட்டு குறையாது, அவ்வளவுதான். கொழும்பில் விட்டுக்கொடுப்பவருக்கு நாற்காலியே ஆடும்.

இந்தக் கணக்கு வில்சனிடம் இல்லாமல் இல்லை. ஆனால் தலைவர்களின் குணத்துக்குத் தரும் இடத்தை அவர் இதற்குத் தரவில்லை. நல்ல தலைவர் வந்திருந்தால், நேர்மையாகப் பேசியிருந்தால் என்ற ஏக்கம் வாசிக்க வாசிக்கக் கூடவே வருகிறது. 1978க்குப் பிறகு அவர் நம்பித் தூது போனது, மாமனாரின் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடந்த அதே ஜெயவர்த்தனாவுக்காக.