நான்கு பேர், இரண்டு கொடி, ஒரு பனித்தளம்

டெல்லி கிழக்கு கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஃபில்டர் காபி உண்டு. கூடவே ஐஸ் ஸ்பீட்வே பந்தயம் ஒன்றும் உண்டு. காபி வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பந்தயத்திலிருந்து தப்ப முடியாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு மாமியையே பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். “ஒரே ஒரு ஹீட் மாமி, ஒரு நிமிஷம்தான்” என்றேன். முதல் வளைவு வந்ததும் மாமி கேட்டார்: “ஏண்டா, இவன் விழறானா, ஓட்டறானா?”

ஓட்டுகிறான் மாமி! அதுதான் இந்த விளையாட்டின் மொத்த அழகும்.

உறைந்த பனித்தளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், குடிப்பது மெத்தனால், கியர் இரண்டே இரண்டு. பிரேக் கிடையவே கிடையாது. டயர் முழுக்கக் கூர் ஆணிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் நீளம். பந்தயம் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவதால், வண்டி சாயும் அந்தப் பக்கத்தில்தான் ஆணிகளைச் செறிவாக அறைகிறார்கள். மண்தரை ஸ்பீட்வேயில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே வளையும். இங்கே ஆணி பனியைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை நம்பி, ஹேண்டில்பாரின் இடது முனை தரையை உரசும் அளவுக்கு ஆள் படுத்துவிடுகிறார். இடது முழங்காலுக்குக் கவசம் பழைய டயர்த் துண்டு!

திரையில் பார்த்தே பைத்தியமானவன் நான். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போனபோது ஹீரன்வேன் நகரின் தியால்ஃப் அரங்கில் அதை நேரிலேயே பார்த்தேன். ஸ்கேட்டிங் ரசிகர்களுக்குக் கோயில் மாதிரியான இடம் அது. கூரை போட்ட 400 மீட்டர் பனித்தளம். அந்தக் கூரைக்கடியில் நான்கு வண்டிகள் ஒரே சமயத்தில் உறுமினால் எப்படியிருக்கும்! சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. தொடக்க நாடா மேலே எழும்பியது. சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நான்கு ஹெல்மெட்டுகள் ஒன்றாய்ப் பாய்ந்தன. பனித்தூள் விசிறியடித்தது. நான் தமிழில் கத்தினேன், பக்கத்திலிருந்தவர் டச்சு மொழியில் கத்தினார், இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

ஆனால் அன்று பார்த்தது தனிநபர் பந்தயம். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உச்சம் அணிகளுக்கான உலகப் போட்டிதான். 1979இல் தொடங்கியது. அண்மைக்காலப் போட்டிகளில் ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒவ்வொரு தனி ஓட்டத்துக்கும், ஒரு நாட்டின் இருவர், எதிரே இன்னொரு நாட்டின் இருவர். வழக்கமான ஸ்பீட்வே கணக்கில் முதலிடத்துக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசியாக வருபவருக்குச் சுழி. இந்தச் சின்னக் கணக்கு எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடுகிறது. நீங்கள் காற்றாய்ப் பறந்து முதலில் வந்தாலும் உங்கள் கூட்டாளி கடைசியில் வந்தால் 3-3, சமன். இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால்தான் 5-1.

அதனால் முன்னே போகிறவர் திரும்பிப் பார்க்கிறார். யோசித்துப் பாருங்கள், பிரேக் இல்லாத வண்டி, நேர்ப்பாதையில் நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், பின்னால் ஆணி அடித்த சக்கரங்கள். அந்த நிலையில் தலையைத் திருப்பி, ‘நம்மாள் எங்கே?’ என்று தேடுகிறார்! எதிராளிக்கு உள்பக்கத்தை அடைக்கிறார், தன் ஆளுக்கு வெளிப்பக்கத்தில் இடம் விடுகிறார். அந்த இடம் ஒரு கை அகலம் குறைந்தாலும் ஆணி யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்குள் கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு நுழைகிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அணிப் பட்டம் வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் சோவியத் ஒன்றியம், பிறகு ரஷ்யா. ஸ்வீடனும் மேற்கு ஜெர்மனியும் எப்போதாவதுதான் தட்டிப் பறித்தன. ரஷ்யர்களின் பலம் அப்படி. கப்த்ரக்மான் கதிரோவ் ஆறு முறை தனிநபர் உலகச் சாம்பியன். நிக்கோலாய் கிராஸ்னிகோவ் 2005 முதல் 2012 வரை ஓராண்டுகூட விடாமல் எட்டு முறை! கிராஸ்னிகோவ் போன்ற ஆட்கள் அணிக்காக ஓட்டும்போது தங்கள் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தோழனை இழுத்து வருவதைப் பார்க்க வேண்டும். தனிநபர் பந்தயத்தில் அவர்களின் திறமை தெரியும், இங்கே குணம் தெரியும். உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022இல் ரஷ்ய வீரர்களுக்குச் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு தடை விதித்தது. அவர்கள் இல்லாத 2023இல் ஸ்வீடனின் மார்ட்டின் ஹாராஹில்டுனென் தனிநபர் பட்டத்தை வென்றார்.

“நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு சார்?” என்று மாடிவீட்டு நண்பர் கேட்கிறார். மோட்டோஜிபிகூட நமக்கு எதற்கு என்றுதான் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத்த் சர்க்யூட்டுக்கே அது வந்து இறங்கியது. அதில் பெட்செக்கி ஜெயித்த அன்று, டெல்லி வெயிலில் தொப்பி நனைய உட்கார்ந்து பார்த்தவன் நான். லடாக்கில் குளம் உறைகிறது, அதன்மேல் நம் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். பனிக்கும் இந்தியாவில் பஞ்சமில்லை.

முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முன்னால் பறப்பவரை விட்டுவிடுங்கள், கேமராவே அவரைக் கவனித்துக்கொள்ளும். மூன்றாவதாக வருகிற அவருடைய கூட்டாளியைப் பாருங்கள். கடைசி வளைவில் அவர் ஒரே ஒரு ஆளை முந்தினால் 4-2 என்பது 5-1 ஆகிவிடும். அந்த ஒரு முந்தலுக்காக முன்னால் போகிறவர் மூன்று சுற்றாக வழி செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது உறைக்கும். அடுத்த ஹீட்டை நீங்களே கேட்பீர்கள்!