வேலிக் கணக்கும் பச்சை டிக்கும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-இல் மாறத் தொடங்கியபோது கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி சேர்ந்தது. அங்குள்ள கியூஆர் குறியீட்டைச் செல்பேசியில் ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் பணித்தாள் ஒன்று திறக்கும். புள்ளியை இழுத்தால் முக்கோணம் சாயும், கோண அளவுகள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் எத்தனை படம் வரைந்தாலும் இது கைகூடாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கும்பகோணத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே பணித்தாள்தான். அதைப் பிரதி எடுத்துத் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்ற வழியிருந்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் திறந்து காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காசு கேட்காத மென்பொருளை வரவேற்ற நாம், அதைக் கைவைத்துத் திருத்தும் உரிமையைத் தொடவே இல்லை. வகுப்பறைப் பயிற்சிகளில் இன்றுள்ள குறைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

2020 ஊரடங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கூகுள் ஃபார்மில் வினாடி வினா, முடித்ததும் மின்சான்றிதழ் என்று வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழிந்தன. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் சேர்த்த சான்றிதழ்களே அதிகம் இருக்கும்! கூகுள் ஃபார்ம் காசில்லாத சேவைதான். கட்டற்ற மென்பொருள் அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஜியோஜீப்ராவின் கதையும் முழுக்க நிம்மதியானதல்ல. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் மாணவராக இருந்தபோது தொடங்கிய அந்த மென்பொருளை 2021 டிசம்பரில் இந்தியக் கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ் வாங்கியது; 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. நம் பாடநூலில் அச்சான குறியீடு யாருடைய சர்வரை நம்பி இருக்கிறது என்ற கேள்வியை அப்போது இங்கே எவரும் உரக்கக் கேட்டதாக நினைவில்லை.

நார்வேயில் 2013-இல் பிறந்த எச்5பி என்ற மென்பொருள் இந்த வகையில் மேல். கோடிட்ட இடம், இழுத்துப் பொருத்துதல், நடுவே கேள்வி கேட்டு நிறுத்தும் காணொலி எனப் பலவகைப் பயிற்சிகளை அதில் செய்யலாம். இதன் நிறுவனமும் 2024-இல் கைமாறியது. ஆனாலும் வெளியான நிரல் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் யாரும் அதைப் பூட்டிவைக்க முடியாது. லூமி என்ற கட்டற்ற செயலியைக் கணினியில் நிறுவிக்கொண்டால் பயிற்சியை இணையம் இல்லாமலே உருவாக்கி ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கலாம். பென்டிரைவில் போகும், ப்ரௌசரில் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கு விடுமுறை விடும் ஊர்களுக்கு, 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களுக்கு, இந்த ஒரு வசதி மற்ற பத்து வசதிகளைவிடப் பெரிது.

இனி பயிற்சியின் தரம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை இன்றும் மாவிலும் வேலியிலும் பேசுகிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ‘2 வேலி 5 மா எத்தனை ஏக்கர்?’ என்று ஒரு பலவுள் தெரிவு வினா வைப்போம். விடை 15. தவறான விடைகளை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் ஆசிரியரின் கைத்திறன் இருக்கிறது. 135 என்று தொடுகிற பிள்ளை மூன்றால் வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறது. இரண்டேகால் சொச்சம் என்கிற பிள்ளை வேலியையும் மாவையும் அப்படியே கூட்டி ஏழாக்கியிருக்கிறது. எட்டே கால் சொச்சம் என்றால் வேலிக்குப் பத்து மா என்று நினைத்திருக்கிறது. ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனிக் குறிப்பு எழுத எச்5பி இடம் தருகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு நோட்டாக எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாததை அந்தக் குறிப்பு அந்த நொடியே சொல்லிவிடும்.

நடைமுறையில் நான் பார்க்கும் பயிற்சிகளில் இந்தக் குறிப்புகள் அரிது. ‘மீண்டும் முயல்க’ என்ற ஒற்றை வரிதான் எல்லாவற்றுக்கும். பிள்ளைகளும் பச்சை டிக் வரும்வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நல்ல கேள்விக்கு நான்கு குறிப்பு எழுத ஒரு மாலைப்பொழுது போய்விடும். எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் வேலைக்கு நடுவே அந்த மாலை அவருக்கு எங்கே கிடைக்கும்?

தமிழில் வேறொரு சிக்கல் உண்டு. எழுத்துகளைக் கட்டத்தில் போடும் விளையாட்டுகள் பல யூனிகோட் குறிகளையே எழுத்து என்று எண்ணுகின்றன. நமக்கு ‘நெல்’ இரண்டெழுத்து, அவற்றுக்கு நான்கு. கொம்பு ஒரு கட்டத்திலும் புள்ளி இன்னொன்றிலும் தனியாக நிற்கும். கோடிட்ட இடப் பயிற்சியில் இதற்கு நேர்மாறு. சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கும் வசதியை இயக்கிவிட்டால் 3 முதல் 9 குறி உள்ள சொல்லில் ஒரு பிழையை எச்5பி மன்னித்துவிடும். நெல் அடிக்கும் ‘களம்’ கேட்ட இடத்தில் நெல் அளக்கும் ‘கலம்’ என்று எழுதினாலும் சரியென்று மதிப்பெண் போடும். ஆங்கிலத்தில் உதவியாக இருக்கும் தளர்வு, லகர ளகரம் கற்கும் பிள்ளைக்குக் கேடு. இவற்றைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. நிரல் திறந்திருக்கும்போது தமிழ் தெரிந்த நிரலர் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

எதை இத்தகைய பயிற்சிகளுக்குள் கொண்டுவரக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் தேதி ஜூன் 12 என்பதை இழுத்துப் பொருத்தலாம். திறப்பு தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு ஒற்றைச் சம்பாவோடு ஏன் நிற்கிறார்கள் என்பதைப் பிள்ளை தன் வீட்டுக் கதையோடு வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஆசிரியர்தான் வேண்டும்.

ஒருவர் செய்த பயிற்சி அடுத்தவருக்குப் போய்ச்சேர்வதில்லை என்பது எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுகிறது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஓடிவிட்டு மறைந்துவிடுகிறது. எச்5பி கோப்பை யாரும் திறந்து திருத்த முடியும். மேலே சொன்ன வேலிக் கணக்கில், 12 அடிக் கோலால் அளந்த 144 சதுர அடிக் குழி தஞ்சாவூருக்குப் பொருந்தும். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் என்பதால் வேறு மாவட்டத்து ஆசிரியர் தன் ஊர் எண்ணைப் போட்டு, ஏக்கர் விடையையும் தவறான விடைகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படித் திருத்தலாம் என்ற அனுமதியைச் சொல்ல ஒவ்வொரு பயிற்சியின் விவரப் பக்கத்திலும் உரிமத்துக்கென ஒரு பெட்டி உண்டு. நாம் தொடாவிட்டால் ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே அது இருக்கும். திருத்தலாமா கூடாதா என்று தெரியாமல் அடுத்த ஆசிரியர் முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்குவார்.