கேடயத்தின்கீழ் மூன்று சொற்கள்

நகராட்சி இலச்சினை என்பது பெரும்பாலும் அலுவலகத் தாளின் தலைப்பில் கிடக்கும் ஓர் அலங்காரமே. ஆயினும் ஆம்ஸ்டர்டாம் நகரின் சின்னம் நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைக்கிறது.

சிவந்த கேடயம்; நடுவே கரும்பட்டை; அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெண்ணிறச் சாய்சிலுவைகள். அவை புனித அந்திரேயாவின் பெயரால் வழங்கும் சிலுவைகள். தீ, வெள்ளம், கொள்ளைநோய் ஆகிய மூன்றையும் அவை குறிப்பதாக மக்கள் கூறுவர், அதற்குச் சான்றில்லை. கேடயத்தின்மேல் அமைந்த மணிமுடி, 1489இல் மாக்சிமிலியன் அளித்த உரிமையால் வந்தது. இருபுறமும் பொற்சிங்கங்கள்.

இவற்றுக்கெல்லாம் கீழே, 1947இல் அரசி வில்ஹெல்மினா வழங்கிய மூன்று சொற்கள் உள்ளன: வீரம், உறுதி, இரக்கம் ஆகிய பண்புகளை உடைய நகர் என்பது அவற்றின் பொருள். யூதர்களை நாசிகள் சுற்றிவளைத்துப் பிடித்ததைக் கண்டித்து, 1941 பிப்ரவரி 25, 26 நாள்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் நினைவும் அவ்விருதில் அடங்கியது. டிராம் வண்டி ஓட்டியோரும் நகராட்சியின் தொழிலாளரும் அதில் முன்னின்றனர். ஆக, மணிமுடி மன்னர் தந்தது; சொற்களோ உழைப்போர் ஈட்டியவை.

ஆனால் அதே நகராட்சி, போருக்குப்பின் உயிர்தப்பி மீண்ட யூதர்களிடம், அவர்கள் தம் வீடுகளில் இல்லாத காலத்து நிலக்குத்தகை பாக்கியையும் தாமதத்துக்கான தண்டத்தையும் கேட்டது. 2016இல்தான் யூத சமூகத்துக்கு ஈடாக ஒரு கோடி யூரோ அளிக்க நகர் முடிவு செய்தது. இரக்கம் என்னும் சொல்லைச் சின்னத்தில் பொறிப்பது எளிது; கணக்கேட்டில் பொறிப்பது அரிது.

1975இல் ஏற்கப்பெற்ற நகரக்கொடியில் மணிமுடியில்லை, சிங்கமில்லை, சொல்லுமில்லை. சிவப்பு, கருப்பு, சிவப்புப் பட்டைகளும் மூன்று சிலுவைகளும் மட்டுமே. கொடிக்கலை நோக்கில் இது மிகச் சரி: தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியும், குழந்தையும் வரைந்துவிடும். ஆயினும் கொடி புகழ்பெறுந்தோறும் சொற்கள் பின்தங்குகின்றன என்பதே நம் கவலை. வடிவு நகரை அடையாளம் காட்டும். சொல்லோ நகரிடம் கணக்குக் கேட்கும். கடைகளில் விற்கும் நினைவுப்பொருள்களில் வடிவு போதும். நகராட்சி மன்றத்தில் அது போதாது.

இலச்சினையை முடிந்துபோன புகழுக்குரிய பதக்கமாக அன்று, நாளும் அடைக்க வேண்டிய கடன்பத்திரமாகவே நாம் வாசிக்க விரும்புகிறோம். அம்மூன்று சொற்களும் என்றும் கேடயத்தின் கீழேயே இருக்கட்டும். கட்டடத்தைத் தாங்கும் அடித்தளமும் கீழேதான் இருக்கிறது.